மூன்றாம் மேசையின் மஞ்சள் குறி

என் தங்கையைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான், அதையும் வீட்டுக்குள்தான் பயன்படுத்துவேன். அப்படிப்பட்ட நான், அலுவலகம் முழுவதும் அவளைக் குறை சொன்ன மூன்று வாரமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் தவறு செய்தவள் நான்.

எனக்கு மின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறுப்பாளர் வேலை. எந்த மின்நிலையம் எவ்வளவு தயாரிக்கிறது, எந்த லைன் எவ்வளவு சுமக்கிறது, எந்தப் பகுதியில் பாரம் ஏறுகிறது என்பதையெல்லாம் பெரிய சுவர்ப் பலகையிலும் மேசைத் திரைகளிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது கோணலாகப் போனால் போனை எடுத்து உத்தரவு கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். எங்கள் பதிவேட்டுக்கு ஒரு விதி உண்டு. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் பக்கங்கள் கோழி கிளறிய மாதிரி இருக்கும். என் பக்கங்களில் ஓர் அடித்தல் கிடையாது. வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் என் பக்கத்தைத் திறந்து காட்டி, "இப்படி எழுதணும்" என்பார்கள். எனக்கு அதில் திமிர் உண்டு, மறைப்பானேன்.

தங்கை என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். அம்மா எங்களைப் பெரியவ, சின்னவ என்றே கூப்பிடுவாள். எனக்கு அவள் நண்டு. எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு மாடி மேலே, திட்டப் பிரிவில் இருக்கிறாள். அலுவலக வாசலைத் தாண்டினால் நான் அவளுக்கு மேடம், வீட்டில்தான் அக்கா. விதியைப் போட்டவள் நான். அக்கா தயவில் பிழைக்கிறாள் என்று ஒரு நாக்கும் அவளைப் பேசிவிடக் கூடாது என்பது என் கவலை.

நண்டு நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினாள். அது என்ன செய்கிறது என்று அம்மா கேட்டபோது நான் சொன்னதையே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

"உனக்கு உடம்பு முடியலன்னா நீ என்னைக்காவது சொல்லியிருக்கியாம்மா? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுட்டே எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்வ. பாக்கறவங்களுக்கும் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். ஒரு நாள் திடீர்னு மயங்கி விழுவ. கரண்ட் போற லைனும் அப்படித்தான். பாரம் ஏற ஏற வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். நாங்க கெபாசிட்டரப் போட்டுத் தூக்கி விட்டுட்டே இருப்போம், பாக்க நல்லாவே இருக்கும். ஆனா ஒரு எல்லை இருக்கு. அதத் தாண்டிட்டா அடுத்த நிமிஷம் மொத்தமும் சரிஞ்சிடும், ஊரு முழுக்கப் போயிடும். அந்த எல்லை எங்க இருக்கு, இன்னும் எவ்வளவு தூரம் மிச்சம்னு சின்னவளோட புரோகிராம் கணக்குப் போட்டுச் சொல்லும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் அப்படி ஒண்ணு எழுதித் தரச் சொல்லு" என்றாள்.

அந்த மென்பொருள் திரையில் வரைகிற வளைகோடு, பக்கவாட்டில் பார்த்த மூக்கு மாதிரி இருக்கும். மூக்கின் நுனிதான் எல்லை. அதனால் கட்டுப்பாட்டு அறையில் மென்பொருளுக்கே மூக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னைக்கு மூக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். நண்டுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல். அவள் வைத்த பெயர் ஒரு முழ நீளம், அவளைத் தவிர யாருக்கும் நினைவில்லை.

ஆறு மாதம் சோதனை என்று உத்தரவானது. அறையின் மூலையில் மூக்குக்கென்று ஒரு தனித் திரை வைத்தார்கள். மிச்சம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ஷிப்ட் பொறுப்பாளர் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்திப் பாரத்தைக் குறைக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஆறு மாதம் முடிந்ததும் தலைமைப் பொறியாளர் கூட்டம் போட்டு, வைத்துக்கொள்வதா கழற்றி எறிவதா என்று சொல்வார். ஐந்து மாதம் எந்த வம்பும் இல்லாமல் போனது. ஆறாவது மாதத்தில் நான் வந்தேன்.

அன்று காலையில் மேற்கு சப்ஸ்டேஷனிலிருந்து வரும் தகவல் இணைப்பு அறுந்துவிட்டது. இணைப்பு போனால் அங்கே நடப்பது எதுவும் எங்கள் திரைக்குத் தெரியாது. அப்போது நாங்கள் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டு, கையால் குறி போடுவோம். குறி போட்டது திரையில் மஞ்சளாக மாறும். அறுந்த இணைப்பு திரும்பி வந்தாலும் அந்த மஞ்சள் தானாகப் போகாது, போட்டவர்தான் எடுக்க வேண்டும். யந்திரம் சொல்வதைவிட மனிதர் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று செய்திருக்கிற ஏற்பாடு. அன்று இன்சுலேட்டர் துடைப்பதற்காக மேற்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு லைன்களில், லைன் 2 என்பதை நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்றாம் மேசையில் உட்கார்ந்து, "லைன் சேவையில் இல்லை" என்று அதற்கு ஒரு மஞ்சள் குறி போட்டேன்.

மதியம் ஒன்று முப்பத்தைந்துக்கு சப்ஸ்டேஷன்காரர் கூப்பிட்டார். வேலை முடிந்தது, லைன் வந்துவிட்டது என்றார். பதிவேட்டை இழுத்து, முத்து முத்தாக எழுதினேன்: 13:35, மேற்கு லைன் 2 சேவையில். அடிக்கோடு வேறு போட்டேன். இரண்டு மணிக்கு ஷிப்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். குறியை எடுக்கவில்லை.

ஆக, ஏட்டில் லைன் இருந்தது, திரையில் இல்லை. மூக்கு ஏட்டைப் படிக்காது, திரையைத்தான் படிக்கும். இரண்டு லைன் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரே லைன் சுமக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வெயிலில் பாரம் ஏறிய மூன்று மணிக்கு அலறியது. மிச்சம் இரண்டு சதவீதம்!

எனக்கு அடுத்த ஷிப்டில் இருந்தவருக்குக் கண்ணாடி என்று பெயர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவர். மற்றபடி தங்கமான மனிதர். சுற்றறிக்கைப்படி மேற்குப் புறநகருக்கு மின்சாரத்தை நிறுத்தினார். நாற்பது நிமிடம். நிறுத்திவிட்டுத்தான் பதிவேட்டைப் புரட்டினார், சப்ஸ்டேஷனில் கேட்டார். லைன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் எங்கும் குறையவில்லை. மஞ்சள் குறியை அவர் கவனிக்கவில்லை, அன்றைக்கு மேற்கில் பாதித் திரை மஞ்சளாகத்தான் இருந்தது. நாற்பதாயிரம் வீடுகளுக்கு வீணாக நிறுத்தியாயிற்று, மூக்கு பொய் சொல்லிவிட்டது என்று எழுதி வைத்தார். அவர் மேல் தப்பே இல்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த மஞ்சள் என் கண்ணில் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு தட்டுத் தட்டி எடுத்துவிட்டேன். குறியை எடுக்கத் தெரிந்த விரலுக்கு, உண்மையைச் சொல்லப் போனை எடுக்கத் தெரியவில்லை. பத்து மணிக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பத்து மணிக்கு, மதியம் சொல்லலாம் என்று நினைத்தேன். மதியத்துக்குள் அறை முழுவதும் மூக்கை வைத்துக் கிண்டல் கிளம்பிவிட்டது. "மூக்குக்கு ஜலதோஷம்" என்று யாரோ அந்தத் திரையில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். சீட்டைக் கிழித்துப் போட்டேன். அதற்கு மட்டும் எனக்கு வீரம் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் நண்டு வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "தப்பு கிடைச்சுதா?" என்று கேட்டேன். எனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

"பாத்துட்டிருக்கேன்" என்றாள், தலையைத் தூக்காமலே.

"பெரியவகிட்ட காட்டுடி" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "அவ சரியா சொல்லுவா. அவ தப்பே பண்ண மாட்டா."

எனக்குப் புரையேறியது. அம்மாவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கூட்டம் நடக்கிற நாள் வந்தது. மாலை நான்கு மணிக்குக் கூட்டம், காலை ஷிப்ட் என்னுடையது. வெயில் மண்டையைப் பிளந்தது. இப்படிப்பட்ட நாளில் ஒவ்வொரு வீட்டிலும் அலுவலகத்திலும் ஃபேனும் ஏசியும் ஓடும், பாரம் மணிக்கு மணி ஏறும். கண்ணாடி கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டியவர் என்பதால் முன்னாலேயே வந்து என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார்.

ஒன்று பதினெட்டுக்குச் சுவர்ப் பலகையில் மணி அடித்தது. மேற்கு மின்நிலையத்தின் மூன்றாவது ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

நான் போனை எடுத்து, எரிவாயு நிலையத்தை உடனே கிளப்பச் சொன்னேன். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பலகையில் மேற்கு சப்ஸ்டேஷனின் வோல்டேஜ் நானூற்று இரண்டு கிலோவோல்ட்டிலிருந்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு வந்து நின்றது. முந்நூற்று எண்பது வரை எங்களுக்குச் சம்மதம். பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. மூலையில் மூக்கு மட்டும் அலறியது. மிச்சம் மூன்று.

"தொண்ணூத்தொண்ணு மேடம், நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்ணாடி. "டேப்பக் கொஞ்சம் ஏத்தி விட்டா சரியாயிடும்." அவர் கை அதற்குள் மவுசுக்குப் போய்விட்டது.

வோல்டேஜ் இறங்கினால் டிரான்ஸ்பார்மரின் டேப்பை, அதாவது வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற படியை, ஏற்றுவது எங்கள் கைப்பழக்கம். ஏற்றினால் வீடுகளில் விளக்கு பழையபடி பளிச்சென்று எரியும். ஆனால் வீடுகளில் பளிச்சென்று எரிந்தால், மேலே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் லைனிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும். நல்ல நாளில் அது உதவி. எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது பிடித்துத் தள்ளுகிற வேலை. நண்டு இதை எங்கள் எல்லோருக்கும் படம் போட்டு விளக்கியிருந்தாள். தலையை ஆட்டிவிட்டு டேப்பை ஏற்றிக்கொண்டுதான் இருந்தோம்.

"கைய எடுங்க" என்றேன்.

"மேடம்?"

"டேப்புல யாரும் கை வைக்கக் கூடாது. எல்லா சப்ஸ்டேஷனுக்கும் சொல்லுங்க. தானா ஏறறதையும் நிறுத்தச் சொல்லுங்க."

மிச்சம் இரண்டு.

கண்ணாடி குரலைத் தாழ்த்தினார். "போன தடவையும் இதே ரெண்டுதான் சொல்லிச்சு மேடம். நம்பி நிறுத்தி, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு மணிக்குக் கூட்டம் வேற. இப்ப நிறுத்தினீங்கன்னா, தங்கச்சி புரோகிராமக் காப்பாத்த ஊருக்குக் கரண்ட நிறுத்தினாங்கன்னு சொல்லிடுவாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மூக்கு ஒரு முறைகூடப் பொய் சொன்னதில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நம்ப என்னிடம் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை வெளியே சொல்லத்தான் வாய் இல்லை.

திரையில் எங்காவது மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று வாரமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்க்கிறேன். ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் மூக்கு பார்க்கிறது உண்மையைத்தான். நான்கு வருடம் என் தங்கை எழுதிய கணக்கு, யாருக்கும் தெரியாத ஓர் எல்லையை எனக்குத் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்திலும், இது எங்கள் வீட்டுப் பெண் செய்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"மேற்குப் புறநகர், அஞ்சு ஃபீடர். நிறுத்துங்க" என்றேன். ஃபீடர் என்றால் ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகிற கிளை. அந்த ஐந்தில் மூன்றாவது எங்கள் தெருவுக்குப் போவது.

இரண்டு நிமிடத்தில் என் கைபேசி அடித்தது. அம்மா.

"ஏன்டி, கரண்ட் போயிடுச்சே. உங்க ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரியும்மா. நான்தான் நிறுத்தினேன்."

"நீயா? இங்க ஃபேன் நின்னு போய் உசுரு போகுது."

"ஈரத் துணியக் கழுத்துல போட்டுக்கோ. அரை மணி நேரம்."

"சரி சரி. நீ நிறுத்தினா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முப்பத்தைந்து நிமிடம். எரிவாயு நிலையம் உள்ளே வந்தது. மூக்கு பன்னிரண்டு சதவீதத்துக்கு ஏறி அமைதியானது. ஐந்து ஃபீடரையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தொழிலில் இது ஒரு வேதனை. சரிந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். சரியாமல் பிடித்ததற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

நான்கு மணிக்குக் கூட்ட அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். நண்டு மேசையின் கடைசியில், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு. தலைமைப் பொறியாளர் நியாயமான மனிதர், அதனால்தான் அவரைக் கண்டால் பயம். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கட்டம் வரைந்தார்.

"ரெண்டு தடவ கத்தியிருக்கு. ரெண்டு தடவையும் நிறுத்தினோம். ரெண்டு தடவையும் ஒண்ணும் நடக்கல. முதல் தடவ, நிறுத்தாம இருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காதுன்னு நமக்கே தெரியும். அப்படி இருக்கும்போது, இன்னைக்கு மட்டும் நடந்திருக்கும்னு நான் எத வச்சு நம்பறது?" என்றார். முதல் கட்டத்தைப் பேனாவால் தட்டினார். "இதுக்கு பதில் கிடைச்சாதான் அதுக்கு பதில். கிடைக்கலன்னா, இத்தோட கழட்டிடறதுதான் சரி."

எல்லோரும் நண்டைப் பார்த்தோம். எழுந்து நின்றாள்.

"கணக்குல தப்பில்ல சார். அன்னைக்கு உள்ள போன தகவல் தப்பு. வந்தத அப்படியே நம்பிடுச்சு. நம்பறதுக்கு முன்னாடி சரிபாக்கற மாதிரி நான் எழுதியிருக்கணும், எழுதல. அது என் தப்பு. இப்ப எழுதிட்டேன்."

"எந்தத் தகவல்? யாரு கொடுத்தது?"

"அது தேவையில்ல சார்."

"தேவையா இல்லையான்னு நான் சொல்றேன். பதிவேட்டுல எல்லாம் சரியா இருக்கே."

நண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தெரியும். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். இருபத்திரண்டு வருடமாக என் ஷிப்டில் நடந்ததற்கு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள இவள் யார்? நேற்றுவரை என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தவள், இன்றைக்கு எனக்குக் குடை பிடிக்கிறாளா? நாற்காலி பின்னால் சாய்கிற வேகத்தில் எழுந்தேன்.

"பதிவேடு சரி சார். திரைதான் தப்பு. லைன் ரெண்டுக்கு மஞ்சள் குறி போட்டது நான். லைன் வந்ததும் ஏட்டுல எழுதினேன், குறிய எடுக்கல. மறுநாள் காலையில வந்து யாருக்கும் தெரியாம எடுத்துட்டேன். மூணு வாரமா சொல்லல. ஓடற லைன இல்லன்னு அதுக்குக் காட்டினது நான், அந்தக் காட்சிக்கு அது சொன்ன ரெண்டு சதவீதம் சரியான பதில். அன்னைக்கும் அது பொய் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. தெரிஞ்சதாலதான் இன்னைக்கு நம்பி நிறுத்தினேன்."

கண்ணாடி நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, முதன்முதலாகப் பார்ப்பவர் போல என்னைப் பார்த்தார். என்னால் அவர் பட்ட பாட்டுக்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன், அது வேறு விஷயம்.

தலைமைப் பொறியாளர் அந்தத் தேதியின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. என் பக்கத்தைத் திறந்து, பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

13:35, மேற்கு லைன் 2 சேவையில். எவ்வளவு அழகான கையெழுத்து. அதன் பக்கத்து ஓரத்தில், இன்றைய தேதி போட்டு எழுதினேன்: 'லைன் சேவைக்கு வந்தபின் திரையில் கைக்குறியை நீக்கவில்லை. தவறு என்னுடையது.' எழுத்து கோழி கிளறிய மாதிரிதான் வந்தது. கையெழுத்துப் போடப் போனேன்.

"அக்கா."

அலுவலக வாசலுக்குள் அவள் ஒரு நாளும் சொல்லாத சொல். எட்டுப் பேருக்கு நடுவில் சொன்னாள். எழுந்து வந்து என் தோளுக்கு மேலே குனிந்து ஏட்டைப் பார்த்தாள்.

"நேரம் விட்டுட்ட. குறி போட்டது 9:12. எடுத்தது மறுநாள் 6:04. அதையும் எழுது."

6:04 என்று எனக்கே தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். என் கண்ணில் நீர் நின்றதால் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

தலைமைப் பொறியாளர் ஏட்டைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு தடவை படித்தார். வெள்ளைத் தாளின் முதல் கட்டத்தில் ஒரு சரி போட்டார். இரண்டாவது கட்டத்திலும் போட்டார்.

"மேடம், உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்" என்றார்.

"வரட்டும் சார்."

"மூக்கு..." என்று ஆரம்பித்தவர், நண்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். "உங்க புரோகிராம் இனி மூலையில இருக்க வேண்டாம். மூணாம் மேசையில வையுங்க. முதல் திரையா."

எல்லோருக்கும் எதிரில் எச்சரிக்கைக் கடிதம் வாங்கப் போகிறவள், அதே நிமிடத்தில் உச்சி குளிர்ந்து நின்றேன். இருபத்திரண்டு வருடமாக என் அழகான பக்கங்களைக் காட்டியபோதெல்லாம் எனக்கு இந்த நிறைவு வந்ததில்லை. என் மேசையில், என் கண்ணுக்கு நேராக, என் தங்கையின் கணக்கு.

பேருந்து நிறுத்தம் வரை இரண்டு பேரும் நடந்தோம். பேச்சை நான்தான் ஆரம்பித்தேன். "எப்பலேர்ந்துடி தெரியும்?"

"மறுநாளே. தான் பாத்ததையெல்லாம் அது சேத்து வைக்கும். மேசை நம்பர், நேரம், எல்லாம் இருக்கும்."

"அப்புறம் மூணு வாரமா மேசையில குனிஞ்சுட்டு என்ன பண்ணின?"

"ரெண்டு நாள் உன் மேல கோபப்பட்டேன். மிச்ச நாள் எழுதினேன். இனிமே யாராவது குறிய மறந்தா, லைன்ல கரண்ட் ஓடுதே, குறி இன்னும் வேணுமான்னு அதுவே கேக்கும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"நீயே சொல்லிடுவேன்னு தெரியும்க்கா. எத்தன நாள் தாங்குவேன்னுதான் கணக்குப் போட்டேன். பத்து நாள்னு வந்துது." பெருமூச்சு விட்டாள். "நீ சரியான அழுத்தக்காரி. என் வாழ்க்கையில தப்பின ஒரே கணக்கு அதுதான்."

முதுகில் ஒன்று வைத்தேன். வலிக்காத மாதிரிதான்.

எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் அம்மாவைச் சூழ்ந்து நின்றிருந்தார்கள். பேச்சு மதியம் மின்சாரம் போனதைப் பற்றித்தான். அந்த வெயிலில் முப்பத்தைந்து நிமிடம் நிறுத்த எப்படி மனசு வந்தது என்று கீழ்வீட்டுக்காரி பொரிந்துகொண்டிருந்தாள். போன முறையும் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் நாற்பது நிமிடம் என்றாள்.

அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய், எல்லாவற்றையும் அங்கேயே, படியிலேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் அது இன்னொரு மூன்று வாரம் ஆகிவிடும் என்று பயம். அம்மாவின் முகம் ஒரு நொடி சுருங்கியது.

"ஏட்டுல எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"கையெழுத்து?"

"போட்டுட்டேன்."

அம்மா நண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழ்வீட்டுக்காரியிடம் திரும்பினாள்.

"கேட்டுக்கோங்க" என்றாள், மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில். "போன தடவ போனது எங்க பெரியவ பண்ணின தப்பு. இன்னைக்கு மொத்த ஊரும் போகாம இருந்தது, எங்க சின்னவ கண்டுபிடிச்சுச் சொல்லி, எங்க பெரியவ நிறுத்தினதால. ரெண்டும் எங்க வீடுதான். இனிமே கரண்டப் பத்தி ஏதாவது கேக்கணும்னா, நேரா வந்து கதவத் தட்டுங்க."